ஆப்பிரிக்கா சின்னப்பராஜின் மண் ஆராய்ச்சி

எங்கள் ஊரில் ஆப்பிரிக்கா என்றால் நான்தான். பாப்பாரப்பட்டி சந்தையில் யாரையாவது நிறுத்தி, "ஆப்பிரிக்கா வூடு எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மாதா சிலை இருக்கும் கெபியைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையை ஒட்டியிருக்கும் என் ஓட்டு வீட்டைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சின்னப்பராஜ் என்று எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் போர்வெல் வண்டியோடு தான்சானியாவுக்குப் போய், பதினோரு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவன் நான். அந்தத் தகுதி ஒன்றை வைத்துக்கொண்டு ஊரில் நான் பார்க்காத உத்தியோகம் இல்லை. யாருக்காவது வெளிநாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் போனை என்னிடம் கொண்டுவருவார்கள். நைஜீரியாவில் பரிசு விழுந்திருக்கிறது என்று மெசேஜ் வந்தால் அதையும் கொண்டுவருவார்கள். நான் போனைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்துப் பார்த்து, "இது பிராடு" என்பேன். எல்லாவற்றுக்கும் அதையே சொன்னதால் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஒருமுறை ஒரு பையனுக்கு வந்த நிஜமான வேலைக்கான அழைப்பையும் பிராடு என்று சொல்லிவிட்டேன். அவன் இப்போது ஓசூரில் வேறு ஏதோ வேலையில் இருக்கிறான், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

போர் போட இடம் பார்க்கவும் என்னைக் கூப்பிடுவார்கள். காலால் மண்ணைக் கிளறி, வானத்தைப் பார்த்து, ஒரு இடத்தைக் காட்டுவேன். தண்ணீர் வந்தால் என் அனுபவம். தண்ணீர் இல்லாமல் வெறும் மண் புகை வந்தால் அவர்கள் நேரம்.

இப்போது உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த வண்டியில் நான் டிரில்லர் இல்லை. ஆபரேட்டர் இல்லை. ராடு மாட்டுகிற ஹெல்பர்கூட இல்லை. நான் சமையல்காரன். வண்டிக்காரர்கள் பத்துப் பேருக்கு மூன்று வேளை பொங்கிப் போட்டேன். அவர்கள் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும்போது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர்களுக்கு ஆப்பிரிக்கா போர்க்குழியின் ஆறரை அங்குல அகலத்தில் தெரிந்தது என்றால், எனக்கு அதுவும் இல்லை, அடுப்புப் புகைக்கு நடுவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்த அளவுதான்.

முதல் முறை லீவில் வந்தபோது, கோயில் திருவிழாவில் ஒருவர் "அங்க என்ன வேலைப்பா?" என்றார். "வண்டியிலங்க" என்றேன். அது பொய் இல்லை. மிச்சத்தை ஊர்தான் செய்தது. தேர் கிளம்புவதற்குள் ஆபரேட்டர் ஆகிவிட்டேன், தேர் நிலைக்கு வருவதற்குள் இன்ஜினியர் ஆகிவிட்டேன். ஊரே சேர்ந்து ஒரு மனிதனைத் தூக்கிவிடும்போது குறுக்கே விழுந்து தடுப்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அந்த இன்ஜினியருக்குத்தான் ஜெயராணியைக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல பெண், உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம். ஆனால் ரசம் வைத்தால் புளித்தண்ணீர் ஒரு பக்கம் நிற்கும், மிளகுத்தூள் ஒரு பக்கம் நிற்கும், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. அடுப்படிக்குள் போனால் குட்டு உடைந்துவிடும் என்று நான் அந்த வாசற்படியையே மிதித்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த ரசத்தை வாயைத் திறக்காமல் குடித்து வருகிறேன். இதைவிடக் கடுமையான பரிகாரத்தை எந்தச் சாமியாரும் பாவசங்கீர்த்தனத்தில் கொடுத்துவிட முடியாது.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் யுவராணி வந்தாள். பக்கத்துத் தெருப் பெண். பாப்பாரப்பட்டியில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். அவள் புருஷன் மாதேஷ், பி.காம். படித்தவன், ஓசூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய்விட்டதால் ஒரு ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு, டேட்டா என்ட்ரி வேலைக்கென்று ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்தான். போகும்போது என்னிடம் வந்து யோசனை கேட்டான். "தைரியமா போ தம்பி, தங்கமான ஜனங்க" என்று அனுப்பிவைத்ததும் நான்தான்.

நான் தக்காளிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். யுவராணி வரப்பிலேயே நின்றாள்.

"அண்ணா, இவரு எங்க இருக்காருன்னு பாத்துச் சொல்லுங்கண்ணா."

"மலாவின்னு சொன்னியே கண்ணு?"

"அப்படிச் சொல்லித்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஏர்போர்ட்டுல எறங்கினதும் வேன்ல ஏத்தி, கண்ணாடியெல்லாம் மூடி, ஒரு ராத்திரி ஒரு பகலு ஓட்டியிருக்காங்க. எந்த நாட்டுக்கு வந்திருக்கம்னே அவருக்குத் தெரியலைங்கண்ணா."

வந்த புதிதில் ஒரே ஒரு முறை மாதேஷ் குளியலறையிலிருந்து திருட்டுத்தனமாகப் பேசியிருக்கிறான். "இது ஆபீசு இல்ல யுவா, ஜெயிலு. பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சுக்கிட்டாங்க. பொம்பள போட்டோவ வச்சுக்கிட்டு வெளிநாட்டுக்காரங்ககிட்ட ஆசையா பேசி ஏமாத்தணும். மாட்டேன்னா அடிக்கறாங்க" என்று சொல்வதற்குள் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு போட்டோ, இரண்டு நிமிடப் பேச்சு. வீட்டில் இருப்பவர்கள் பயந்து போலீசுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அவர்களே செய்யும் ஏற்பாடு. தமிழ் தெரிந்த ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். போட்டோவையும் பார்த்துத்தான் அனுப்ப விடுவார்கள். போர்டு, தெருப் பெயர், கடை எதுவும் அதில் தெரியக் கூடாது.

"நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி பக்கத்துல திரும்பிப் பாக்கறாருண்ணா" என்றாள் யுவராணி.

போனை வாங்கிப் பார்த்தேன். மாதேஷ் கோடு போட்ட சட்டையில் ஒரு ஜன்னல் ஓரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டு சிவப்பு மண், ஒரு மதில், ஒரு கரண்ட் கம்பம், ஏதோ ஒரு லாரியின் மூக்கு. அந்த இடத்தில், "எனக்குத் தெரியாது கண்ணு" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"தான்சானியா" என்றேன். "சிங்கிடா பக்கத்து மண்ணு."

"உறுதியாங்கண்ணா?"

"பதினோரு வருஷம் அந்த மண்ணத் தின்னவன் சொல்றேன்."

அதில் ஒரு உண்மை உண்டு. டிரில்லிங் தூசி என் சாம்பாரில் விழாத நாள் கிடையாது. ஆனால் நான் ஆப்பிரிக்காவில் பார்த்த ஒரே நாடு தான்சானியா என்பதால், எந்தப் போட்டோவைக் காட்டினாலும் தான்சானியா என்றுதான் சொல்லியிருப்பேன். ஒகேனக்கல்லைக் காட்டியிருந்தாலும் யோசித்திருப்பேன்.

தர்மபுரியில் சைபர் கிரைம் போலீசுக்கும் யுவராணியோடு நானே போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எஸ்.ஐ. ஒரு இளம்பெண், பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, நீங்க அங்க என்ன வேலையில இருந்தீங்க?"

"டிரில்லிங்லம்மா. டெக்னிக்கல் சைடு."

அவர் அதைக் கம்ப்யூட்டரில் அடித்தார். அரசாங்கக் காகிதத்தில் என் பொய் ஏறியது அன்றைக்குத்தான். பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. தான்சானியாவில் இருக்கும் தூதரகத்துக்கு எழுதச் சொல்லி மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் யுவராணி என் காலில் விழப் போனாள். நான் தடுத்தேன், ஆனால் கொஞ்சம் தாமதமாகத்தான் தடுத்தேன்.

யுவராணி என்னை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. இணையத்தில் தேடி ஒரு குழுவைக் கண்டுபிடித்தாள். ஆப்பிரிக்காவில் இந்த மாதிரி மோசடி ஆபீசுகள் முளைக்க முளைக்க, அவற்றைத் தேடிப் பிடிக்கிறவர்களும் அங்கேயே முளைத்திருந்தார்கள். போலீஸ் இல்லை, உளவாளிகளும் இல்லை. வாத்தியார்கள், மாணவர்கள், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். எல்லோரும் பார்க்கக் கிடைக்கிற வரைபடம், செயற்கைக்கோள் படம், யாரோ போட்ட வீடியோ இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு போட்டோ எந்த ஊரில் எந்தத் தெருவில் எடுத்தது என்று சொல்லிவிடுவார்கள். அதில் முதிந்தா என்று ஒரு பெண், ஜாம்பியாவின் தலைநகரில் ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவள், மாதேஷின் படத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். இ-சேவை மையத்தில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் யுவராணி இங்கிலீஷில் தட்டுவாள், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பேன்.

"சிங்கிடா மண்ணுன்னு எழுது. இதுல சந்தேகமே வேண்டாம்னு எழுது."

முதிந்தா திருப்பி எழுதினாள். யுவராணி படித்துச் சொன்னாள். "ஆப்பிரிக்காவுல பாதிக்கு மேல செவப்பு மண்ணுதான், மண்ணு சாட்சி ஆகாதுங்கறாங்க. உங்க ஊருல செவப்பு மண்ணு இல்லையான்னு கேக்கறாங்கண்ணா."

வெளியே பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உழுது போட்டிருந்த காடு செக்கச் செவேலென்று கிடந்தது.

"இது வேற செவப்புன்னு எழுது" என்றேன்.

எழுதினாள், பாவம். முதிந்தா சண்டைக்கு வரவில்லை. கரண்ட் கம்பத்தின் மேலே கட்டை மாட்டியிருக்கும் விதம் தங்கள் நாட்டுக் கம்பம் போல இருக்கிறது, ஆனால் ஒரு அடையாளத்தை வைத்து முடிவு சொல்வது தங்கள் வழக்கமில்லை, இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்றாள். பிறகு ஒன்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே லாரியின் மேல் நீளமாக ஒன்று படுத்திருக்கிறதே, அது என்ன, கிரேனா?

நான் எட்டிப் பார்த்தேன். மண் ஆராய்ச்சிக்கு நடுவில் இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆமா, கிரேன்தான்னு சொல்லு."

வாரங்கள் போயின. ஞாயிறு தவறாமல் படம் வந்தது. ஒவ்வொரு படத்திலும் மாதேஷின் கன்னம் கொஞ்சம் ஒட்டியது. நான் ஒவ்வொரு படத்திலும் மண்ணைப் பார்த்து, "அதே சிங்கிடாதான்" என்று உறுதிப்படுத்தினேன். தான்சானியாவிலிருந்து பதில் வந்தது. நீங்கள் சொன்ன பகுதியில் விசாரித்தாயிற்று, அப்படி எதுவும் இல்லை. எஸ்.ஐ. போனில் இதைச் சொன்னபோது, "சரியா தேடியிருக்க மாட்டாங்கம்மா" என்றேன். ஒரு நாட்டையே குறை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது யுவராணி வாசலில் நின்றாள். உள்ளே வந்து சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வர்ற வாரத்துல ஆபீச வேற எடத்துக்கு மாத்தறாங்களாம். இனிமே போட்டோ அனுப்ப முடியுமான்னு தெரியலன்னாரு. பேசிக்கிட்டு இருக்கும்போதே போனப் புடுங்கிட்டாங்க."

ஜெயராணி காபி வைக்க உள்ளே போனாள். யுவராணி அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு நெஜமாலுமே தெரியுமாங்கண்ணா?"

"தெரியும் கண்ணு" என்றேன். அந்த நேரத்தில்கூட அதைத்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எனக்கே குமட்டியது இது ஒன்றுதான்.

ஜெயராணி காபியை வைத்துவிட்டு, யுவராணியின் கையிலிருந்த போனை வாங்கி அன்று வந்த படத்தைப் பார்த்தாள். அவள் இதற்கு முன் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. ஆப்பிரிக்கா என் இலாகா என்பதால் நான் காட்டியதும் இல்லை.

"பாவம், எலும்பும் தோலுமா ஆயிட்டானே" என்றாள். பிறகு விரலால் பெரிதாக்கினாள். "ஏங்க, இதென்ன லாரி மூஞ்சியில எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டித் தொங்குது? ஆப்பிரிக்காக்காரங்களும் திருஷ்டி கழிப்பாங்களா?"

போனைப் பிடுங்கினேன். பம்பருக்கு மேலே கம்பியில் கோத்த ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம். அதற்கு மேலும் கீழும் மிளகாய். அதற்குப் பின்னால் பச்சைக் கேபின். கேபினுக்கு மேல் படுத்திருந்தது கிரேன் இல்லை, போர்வெல் வண்டியின் மாஸ்டு. வேலை இல்லாத நாளில் படுக்க வைத்து, வேலை வந்தால் தூக்கி நிறுத்துவார்களே, அது. பக்கவாட்டில் ராடு அடுக்கியிருப்பதுகூடத் தெரிந்தது. அந்த மாஸ்டின் நிழலில் உட்கார்ந்துதான் பதினோரு வருடம் வெங்காயம் உரித்தேன். நான் வாரக்கணக்காக அந்தப் படத்தில் ஆப்பிரிக்காவைத் தேடிக்கொண்டிருந்தேன், ஜன்னலுக்கு வெளியே திருச்செங்கோடு நின்றுகொண்டிருந்தது.

"போர் வண்டி" என்றேன். "நம்மூரு வண்டி."

யுவராணி எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப அது எங்க நிக்குதுன்னு உங்க வண்டிக்காரங்களக் கேட்டா தெரியுமில்லண்ணா? கேளுங்கண்ணா!"

தெரியும்தான். ஆப்பிரிக்காவில் ஓடும் நம் பக்கத்து வண்டிகள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவை. எவன் வண்டி எங்கே நிற்கிறது, எவன் போட்ட போரில் புகை வந்தது என்பதுவரை வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஊர் திரும்பிய வாரமே அந்தக் குழுவிலிருந்து கழன்றுகொண்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வண்டியில் ஆபரேட்டராக இருந்த, அரூர்ப் பக்கத்துச் சவுரியப்பன் இப்போதும் ஜாம்பியாவில்தான் இருந்தான். அவன் எண் என்னிடம் இருந்தது. அவன் வாயும் எனக்குத் தெரியும்.

"என் போன்ல சார்ஜ் இல்ல" என்றேன். "வூட்டுக்குப் போ கண்ணு, நான் பேசிட்டுச் சொல்றேன்."

"என் போனு இருக்குதே" என்றாள் ஜெயராணி. வேறு வழியில்லை. படத்தை அனுப்பி, விஷயத்தைச் சுருக்கமாகப் பேசி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. ஜெயராணி எதையும் காதோடு வைத்துக் கேட்கிற பழக்கம் இல்லாதவள். சத்தமாகப் போட்டாள்.

"அடடே, யாரு, நம்ம சமையக்காரரா! நல்லா இருக்கீங்களாண்ணா? உங்க ரசத்தக் குடிக்காம நாக்கு செத்துக் கெடக்குது போங்க. இப்ப ஒருத்தன வச்சிருக்கோம், அவன் ரசத்துக்கு நம்ம கம்ப்ரஸர் தண்ணியே மேலு..."

ஜெயராணி நிறுத்தினாள். "சமையக்காரரா?"

"சும்மா கேலிக்குச் சொல்றது..."

"உங்க ரசமா?" அவள் திரும்பி அடுப்படியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணத்திலிருந்து அன்றுவரை குடித்த ஒவ்வொரு கிண்ணமும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போனது போல இருந்தது.

"அக்கா, மிச்சத்தப் போடுங்கக்கா!" என்று யுவராணி கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஜெயராணி போட்டாள். "அது கெடக்கட்டும். இது பரமத்திக்காரரு ஒருத்தரு வண்டிண்ணா. மழைக்காலத்துல வேல இல்லைன்னு இங்க வடக்க, சுரங்கம் இருக்கற ஊருக்கு வெளிய ஒரு யார்டுல நிறுத்தியிருக்காரு. நான் டீசல் டிரம் எடுக்க அங்க போயிருக்கேன். எதுத்தாப்புல நீலக் கூர போட்ட பெரிய பங்களா, ஜன்னலுக்கெல்லாம் கம்பி, கேட்டு எந்நேரமும் பூட்டியே கெடக்கும். பையன் அதுக்குள்ளயா இருக்கான்? ஐயோ கடவுளே."

யுவராணி அங்கேயே உட்கார்ந்து முதிந்தாவுக்கு எழுதினாள். முதிந்தா செயற்கைக்கோள் படத்தில் அந்த ஊருக்கு வெளியே தேடி, நீலக் கூரையையும், எதிரில் யார்டையும், நடுவில் கம்பங்களையும் கண்டுபிடித்து, மாதேஷின் படத்தோடு கோடு போட்டுப் பொருத்தி அனுப்பினாள். அவள் கேட்ட இரண்டாவது அடையாளம் முதல் படத்திலேயே இருந்திருக்கிறது. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள். யுவராணி அதை மட்டும் எனக்குப் படித்துச் சொல்லவில்லை. ஆனால் "கிரேன்" என்ற சொல்லும் அதன் பக்கத்தில் கேள்விக்குறியும் எனக்கே தெரிந்தன.

எஸ்.ஐ.க்கு அன்றே சொன்னோம். தூதரகம் மாறியது, நாடு மாறியது. முதிந்தாவும் தன் பக்கத்தில் அந்த நாட்டுப் போலீசில் இந்த வேலையைப் பார்ப்பவர்களிடம் எல்லாவற்றையும் கொடுத்தாள். சவுரியப்பன் டீசல் எடுக்கிற சாக்கில் யார்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "கேட்டு பூட்டித்தான் இருக்குது, ஆளுங்க உள்ளதான் இருக்காங்க" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த நாட்களில் யுவராணி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்திக்குப் பேச உயிர் இல்லை, ஒருத்திக்கு என்னிடம் பேச இஷ்டமில்லை, எனக்குத் தகுதி இல்லை.

சாமான்களை ஏற்ற லாரி வந்து நின்ற அன்று போலீசும் வந்தது. உள்ளே பல நாட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். மாதேஷும் இருந்தான். அன்று யுவராணி அழுத அழுகையைப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பார்த்தார்கள்.

ஏமாந்து வந்தவன் யார், ஏமாற்ற வந்தவன் யார் என்று பிரித்துப் பார்க்கும்வரை எல்லோரையும் ஒரு விடுதியில் வைத்திருந்தார்கள். மாதேஷ் சரியாகச் சாப்பிடவில்லை என்று சவுரியப்பன் சொன்னான். சோறும் ரசமும் கொண்டுபோக நினைத்தான், ஆனால் அவனுக்கும் வைக்கத் தெரியாது. ஆகவே ஒரு காலையில், வீடியோ காலில் அவனுக்குக் காட்டுவதற்காக, நான் என் வீட்டு அடுப்படிக்குள் முதன்முதலாக நுழைந்தேன். புளி கரைத்தேன், மிளகு சீரகம் நசுக்கினேன், நுரை கட்டும்போது இறக்கினேன். ஜெயராணி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். போனை வைத்தபிறகு ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள்.

"இத்தன வருஷமா நான் வெச்ச ரசத்தக் குடிச்சப்பல்லாம் மனசுக்குள்ள என்ன நெனச்சீங்க?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து சமையல் என் பொறுப்பு. விஷயம் ஊருக்குள் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. போர் போட இடம் பார்க்க இப்போது யாரும் கூப்பிடுவதில்லை, காதுகுத்துக்குச் சமைக்கக் கூப்பிடுகிறார்கள். நான் இடம் காட்டிப் புகை வந்த மூன்று பேர் மட்டும் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நியாயம்தான்.

மாதேஷ் வந்து சேர்ந்தபோது எங்கள் காட்டில் அடுத்த நடவுத் தக்காளி பூவெடுத்திருந்தது. ஒரு வாரம் கழித்து அவனையும் யுவராணியையும் விருந்துக்குக் கூப்பிட்டோம். ஆள் பாதியாக இருந்தான். யாராவது கதவைச் சாத்தினால் திடுக்கென்று திரும்பிப் பார்த்தான். நான் பரிமாறினேன். பெண்கள் உள்ளே போன நேரத்தில், நிமிராமல் கேட்டான்.

"அண்ணா, அந்த வண்டி மொத போட்டோவுலயே தெரிஞ்சுதுங்களா?"

"எந்த வண்டி?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"போர் வண்டி. போட்டோ எடுக்கறவன் சொவத்தோரமா நில்லுன்னுதான் சொல்வான். வெளிச்சம் பத்தாதுன்னு சொல்லி நான்தான் ஜன்னலாண்ட போயி நிப்பேன். யுவா எப்படியும் உங்ககிட்டதான் போட்டோவக் கொண்டாருவான்னு தெரியும். நீங்க வண்டியிலயே இருந்தவரு, பாத்த ஒடனே கண்டுபுடிச்சிருவீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, யாரும் வரல. செரி, நான் மறைச்சுக்கிட்டு நிக்கறேன் போலன்னு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி நின்னேன். ஒருவாட்டி எதுக்குடா நகர்றேன்னு கேட்டு அடிச்சான்."

அந்தப் படங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. முதல் படத்தில் லாரியின் மூக்கும் அதன் மேல் மாஸ்டின் நுனியும் மட்டும். பிறகு கேபின். கடைசியில் பம்பர். அந்தப் பையன் அங்கே அடி வாங்கிக்கொண்டு எனக்குக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறான்.

"தம்பி, நான் வண்டியில ஆபரேட்டரா இல்ல" என்றேன். "சமையக்காரனா இருந்தேன்."

"தெரியுங்கண்ணா. சவுரியப்பண்ணன் சொன்னாரு." முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். "நல்லவேள, எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா ஜன்னல் பக்கமே போயிருக்க மாட்டேன். இன்னும் அங்கதான் கெடந்திருப்பேன்."

அவன் அதை நன்றியோடுதான் சொன்னான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை.